பட்டையோட நிறுத்து, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படி ஒக்காரு. இஸ்தோப்புல வெயில் இன்னும் ஏறல. கொழும்புல ராத்திரி பஸ் ஏறி, மாவனல்லையில எறங்கி, அரநாயக்க பஸ்ஸப் புடிச்சு, அங்கேருந்து மலையேறி வந்திருக்க. போயா லீவுக்குப் பேரன் வர்றான்னு ஒங்க அப்பாயி நாலு மணிக்கே எந்திரிச்சா. மாவுல தேங்காப்பூ போட்டுப் பெசைஞ்சு, ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடிச்சு, தட்டுல வச்சு நீட்டுனா. நீ என்னா சொன்ன? "இப்ப வேணாம் அப்பாயி, எனக்குப் பன்னண்டு மணிக்குத்தான் ஜன்னல் தொறக்கும்."

கெழவி அப்படியே திரும்பி நம்ம காம்பரா ஜன்னலப் பாத்தா பாரு, அதுதான் கூத்து. பத்துக்குப் பன்னண்டு அடிக் காம்பரா. இருக்கறது ஒரே ஒரு ஜன்னல். அதுலயும் ஒரு கதவு உளுத்துக் கொட்டிப்போயி, நான்தான் பலகை வச்சு ஆணி அடிச்சேன். "அத எப்படிங்க பன்னண்டு மணிக்குள்ள தொறக்கறது, ஆணியில்ல புடுங்கணும்"னு எங்கிட்ட வந்து மெய்யாவே கவலப்பட்டா. வயித்துக்கு ஜன்னல் வச்ச மொத ஆளு நம்ம பரம்பரையில நீதான்டா. பதினாறு மணி நேரம் சாத்திக் கெடக்கும், எட்டு மணி நேரம் தொறந்திருக்கும்னு நீ வெளக்கம் சொன்னப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. தபால் கந்தோர் மாதிரி. ஆனா தபால் கந்தோர் சாத்துனப்புறம் எவனும் பின்பக்கமாப் போயித் தட்டறதில்ல. நீ ராத்திரி பதினொண்ணரைக்கு போடிங் ரூமுல மாலு பனிஸ் தின்னேன்னு நீயே சொல்லிட்ட.

அடடே, மேல் லயத்து மருமகளும் வந்தாச்சா. வாம்மா. த்ரீவீலர் தம்பியும் பின்னாடியே வர்றாப்ல. மூணு பேருக்கும் ஒரே ஜன்னல்தானா? நல்லது. மணி என்னா, ஒம்போதே கால். இன்னும் ரெண்டே முக்கா மணி நேரம் கெடக்கு. அந்தப் போன மடியில வச்சிட்டுப் பேசுங்க. அதப் பாக்கப் பாக்க நேரம் ஓடாது. அடுப்புல வச்ச பருப்ப மூடியத் தொறந்து தொறந்து பாத்தா வேகுமா?

சரி, ஆளுக்கொரு கதை சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். த்ரீவீலர் தம்பிக்கு மொத கிழமை பூரா தலைவலி. மருமகளுக்கு வாய்வு. நம்ம பேராண்டிக்கு விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு. ஒருத்தருக்கு வந்தத ஒருத்தர் சொல்லி, "எனக்கும் அப்படித்தான்"னு தலையாட்டிக்கிறீங்க. அது நல்ல விசயம். அத நான் நக்கல் பண்ணல. ஆனா ஒண்ணு கேக்குறேன் தம்பி. நீ ஸ்டேண்டுல நிக்கையில நாளைக்கு எத்தன பால் தேத்தண்ணி குடிச்ச? ஆறா? ஒண்ணுக்கு ரெண்டு கரண்டி சீனி. ஆகப் பன்னண்டு கரண்டி. கிட்டத்தட்ட ஐம்பது கிராம் சீனி, தண்ணியிலயே உள்ள போயிக்கிட்டு இருந்துச்சு. அத ஒரே நாள்ல நிறுத்துன. தேயிலை கேட்டுப் பழகுன தலை வலிக்காம என்னா செய்யும்? வெறுந்தேத்தண்ணி சீனியில்லாம குடி, தண்ணிய நல்லாக் குடி, வலி போயிரும். நாலு கிலோ கொறைஞ்சிருக்கேன்னு கடிகாரத்தக் கும்புடுறியே, அந்த நாலு கிலோவுல பாதி புண்ணியம் சீனிப் போத்தலுக்கும், ராத்திரி கொத்துக் கடைக்குப் போகாததுக்கும் சேரணும்.

இத நான் மட்டும் சொல்லல. நர்சிங் படிக்கிற பேத்தி போன தடவ வந்தப்ப படிச்சுக் காட்டுனா. சீனாவுல குவாங்சோ பக்கம் உடம்பு பெருத்தவங்க 139 பேர ஒரு வருசம் வச்சுப் பாத்திருக்காங்க. எல்லாருக்கும் அளவு கொறைச்ச சாப்பாடுதான். அதுல ஒரு பாதிப் பேரு காலையில எட்டுலேருந்து நாலு மணிக்குள்ள சாப்பாட்ட முடிச்சிரணும், மிச்சப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்ல. வருசக் கடைசியில நிறுத்துப் பாத்தா ரெண்டு பக்கமும் எறங்கியிருக்கு, பெரிய வித்தியாசம் இல்ல. 2022ல பெரிய வைத்தியப் பத்திரிகையில வந்த கணக்கு அது. கொறைச்சுத் தின்னவன் கொறைஞ்சான், அம்புட்டுத்தான். கடிகாரம் கங்காணி மாதிரி. பக்கத்துல நின்னா வேலை ஒழுங்கா நடக்கும். ஆனா கொழுந்து பறிக்கிறது கங்காணி இல்லயே.

கங்காணின்னதும் ஞாபகம் வருது. எங்க காலத்துல போனும் இல்ல, கடிகாரமும் இல்ல. ஃபெக்டரிச் சங்குதான். வெள்ளன சங்கு ஊதுனா பெரட்டு, வேலைக்குப் பேரு போடுற நேரம். அப்புறம் தேத்தண்ணிக்கு, பகல் சோத்துக்கு, வேலை விட. பொழுது சாஞ்சு ஏழு மணிக்குச் சோறு தின்னா, மறுநாள் வெள்ளன ஒரு வெறுந்தேத்தண்ணி, ஒரு கடி கித்துள் கருப்பட்டி. ரொட்டி வாயில படறப்ப ஒம்போதரை. கூட்டிப் பாரு, பதினாலரை மணி நேரம். அதுக்கு நாங்க பேரே வைக்கலடா. வேலைக்குப் போறதுன்னு சொன்னோம்.

வெள்ளைக்காரன் பேரு வச்சான். 2012ல பிபிசி தொலைக்காட்சியில மைக்கேல் மோஸ்லின்னு வைத்தியம் படிச்ச ஒருத்தரு, கிழமையில அஞ்சு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு ரெண்டு நாள் வயித்தச் சுருக்குனா நல்லதுன்னு காட்ட, ஒலகமே அந்த அஞ்சுக்கு ரெண்டப் புடிச்சுக்கிச்சு. ஒங்க அப்பாயி ஐம்பது வருசமா செவ்வாயும் வெள்ளியும் ஒருசந்தி. ஒருத்தனும் கேமராவத் தூக்கிக்கிட்டு இந்த லயத்துப் பக்கம் வரல. ஒரே ஒரு வேளை சாப்புடறதுக்கு நம்ம தமிழ்ல ஒருசந்தின்னு எம்புட்டு அழகா ஒரு பேரு இருக்கு. நீங்க அத விட்டுட்டு ஜன்னலப் புடிச்சுத் தொங்குறீங்க.

மணி என்னா? பத்து ஆகப்போகுதா. வயிறு கத்துதா? கத்தட்டும். அந்தா ரோட்டுல பாருங்க, வெள்ள உடுப்புல போறாங்களே, கீழ்க் கிராமத்து அக்கா. போயாவுக்குப் போயா பன்சலையில சில் எடுப்பாங்க. எட்டு சில்லுல ஆறாவது என்னான்னு தெரியுமா? பகல் பன்னண்டுக்கு மேல சாப்பாடு இல்ல. ராவும் சேத்து எடுக்கிறவங்களுக்கு மறுநாள் விடிஞ்சப்புறம்தான் அடுத்த கவளம். பதினெட்டு மணி நேரம்டா. ஒன் பதினாறுக்கு மேல ரெண்டு. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலா நடக்குது. அந்த அக்காவுக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. எப்படி முடியுதுன்னு ஒரு தடவ கேட்டேன். சிரிச்சாங்க. "தனியா வீட்டுல இருந்தா முடியாது, சட்டி கூப்புடும். அங்க பாயில பத்து இருபது பேரு வரிசையா ஒக்காந்திருக்கோம், பண சொல்றாங்க, சாயந்தரம் குடிக்கக் கிலம்பச குடுக்குறாங்க, பொழுது போயிருது"ன்னாங்க. பகலுக்கு முன்ன அவுங்களுக்குச் சாப்பாடு யாரு கொண்டாரான்னு நெனைக்கிற? ஊர்க்காரங்க முறை போட்டுக் கொண்டாருவாங்க. சில் எடுக்காதவன் சோறாக்கிக் குடுத்துப் புண்ணியத்துல பங்கு வாங்கிக்குவான்.

மாவனல்லைக்குப் போனா சாமான் கடை நானா இருக்காரு. ரம்லான் மாசத்துல கடைக்குள்ள அரிசி, பருப்பு, கருவாடு, பிஸ்கட்டு எல்லாத்துக்கும் நடுவுல ஒக்காந்திருப்பாரு. வெள்ளன கெழக்கு வெளுக்குறதுக்கு முன்ன தின்னது, தண்ணி கூடக் கெடையாது, பொழுது எறங்கற வரைக்கும் பதிமூணு மணி நேரத்துக்கு மேல. நீ வெறுந்தேத்தண்ணி குடிக்கலாமா, எலுமிச்சம்பழம் புழியலாமான்னு பட்டிமன்றம் நடத்துற. அவரு எச்சிலக் கூட யோசிச்சு முழுங்குவாரு. நானாவும் சாயந்தரம் "தொறக்கிறது"ன்னுதான் சொல்வாரு. ஆனா அவரு தொறக்கிறது ஜன்னல இல்ல, நோன்ப. அதத் தனியா தொறக்க மாட்டாரு. ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பைக் கஞ்சி, சுத்தி பத்துப் பேரு. அந்த நேரத்துல நான் சாமான் வாங்கப் போயி மாட்டுனா, நான் நோன்பாளியா பகல் மூணு வேளை தின்னவனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எங்கையிலயும் ஒரு கோப்பை. தூக்குவாளியில அப்பாயிக்கும் ஊத்திக் குடுப்பாங்க. இஞ்சியும் ரம்பையும் தேங்காப்பாலும் சேந்த அந்தக் கஞ்சி வாசத்துக்கே சில நாள் எனக்கு அந்திநேரத்துல சாமான் தீந்து போகும். அது வேற கதை.

நம்ம கோயில எடுத்துக்க. ஐப்பசியில தீவாளி அமாவாசை கழிஞ்சதும் கந்தசஷ்டி. ஆறு நாள். சிலர் பாலும் பழமும், சிலர் ஒருவேளைப் பச்சரிசிச் சோறு, கெட்டிக்காரங்க மிளகும் தண்ணியும். நானும் பத்தொம்பது வயசுல காப்புக் கட்டுனேன். பக்தின்னு நெனைக்காத, கோயிலுக்குக் கோலம் போட வர்ற ஒரு புள்ள இருந்துச்சு. அந்தா, காது கேக்காத மாதிரி அரிசி பொறுக்கிக்கிட்டு இருக்குதே, அதுதான்.

மூணு நாள் ஓட்டிப்புட்டேன். நாலாம் நாள் மலையில ஒரு கூட்டாளி நெருப்புல பலாக்கொட்டை சுடுறான். மணல்ல பொதைச்சு வச்சு எடுத்த கொட்டை, கேக்கவா வேணும்? வாசம் வந்து கையப் புடிச்சு இழுத்துச்சு. முருகன் மலை மேலதான் இருக்காரு, இது ரப்பர் மலை, அவரு பார்வை இங்க எட்டாதுன்னு ஒரு கணக்குப் போட்டு, ஒரு சிரட்டைக் கொட்டையத் தின்னு தீத்தேன். சாயந்தரம் கோயில்ல பஜனை. எல்லாரும் கண்ண மூடி உருகி நிக்கிற நேரம். வெறும் வயித்துல விழுந்த பலாக்கொட்டை சும்மா இருக்குமா? போட்டுச்சு ஒண்ணு. மிருதங்கமே ஒரு தாளம் தப்பிப்போச்சு. பாட்டுக்காரத் தாத்தா கண்ணத் தொறக்காமலே சொன்னாரு: "சூரசம்ஹாரத்துக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்கு, அதுக்குள்ள எவன்டா வெடிய வச்சது?"

கோலம் போடுற புள்ளயும் சிரிச்சுச்சு. மண்ணுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. ஆனா யாரும் என்னைய வெரட்டல. மறுநாள் பகல் சோத்து நேரம், பசி காதடைக்கிற வேளை. தொங்க லயத்து ஆத்தா ஒருத்தி, அவளும் காப்புக் கட்டுனவ, எம்பக்கத்துல வந்து ஒக்காந்தா. கொட்டையப் பத்தி ஒரு சொல்லுக் கேக்கல. அவ அப்பன் இந்தியாவுல இருந்து நடந்து வந்த கதை, மன்னாரு காட்டுல தண்ணியில்லாமத் தவிச்ச கதை, பேய்க் கதை, பிள்ளைக்காம்பரா கதைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. முடிச்சுட்டு எந்திரிக்கிறா, கோயில் மணி அடிக்குது. ஏழாம் நாள் பாறணைக்கு அவ பக்கத்துலயே ஒக்காந்து சாப்பிட்டேன். அந்தச் சோத்து ருசி இன்னும் நாக்குல இருக்கு.

இப்ப சொல்றேன் கேட்டுக்க. பட்டினி தனியாக் கெடந்தா அது பசி. நாலு பேரு சேந்து கெடந்தா அது விரதம். பன்சலையில ஒரு பாய், நானா கடையில ஒரு கோப்பை, கோயில்ல ஒரு பாறணை. சாமி வேற வேற, வித்தை ஒண்ணு. நீ கொழும்புல நாலு சுவத்துக்குள்ள போனப் பாத்துக்கிட்டுக் கெடந்தா, பதினொண்ணரைக்கு மாலு பனிஸ் கூப்புடத்தான் செய்யும். மூணு பேரு சேந்திருக்கீங்க பாரு, நீங்க செஞ்சதுலயே உருப்படியான காரியம் அதுதான்.

என்னா சொன்ன, ஜப்பான்காரனா? தெரியும்டா. 2016ல நோபல் பரிசு வாங்குனாரே யோஷினோரி ஓசுமி. உடம்பு அணுக்கள் பசியில தன் குப்பையத் தானே தின்னு சுத்தம் பண்ணிக்கிற வழியக் கண்டுபுடிச்சவரு. பெரிய மனுசன்தான். ஆனா அவரு அத எதுல கண்டாரு? ஈஸ்டுல. பாண் போறணையில மாவப் பொங்க வைக்குதே, கித்துள் கள்ளுல நொரையக் கெளப்புதே, அந்தச் சாமான்ல. எந்தக் காம்பராவுல எவன் பதினாறு மணி நேரம் கெடந்தா எவ்வளவு குப்பை எரியும்னு அவரு சொல்லல. கள்ளுல நடக்குறதெல்லாம் குடிக்கிறவனுக்குள்ளயும் நடக்கும்னா, ஒந்தாத்தன் இந்நேரம் சித்தனாயிருக்கணும்.

மணி பத்தரை தாண்டிருச்சு. பசி மறந்து போச்சுல்ல? சரி சரி, ஞாபகப்படுத்தல.

எனக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு ரப்பர் மரம். அத வச்சு ஒரு புத்தி சொல்றேன். நாப்பது வருசம் பால் வெட்டுன கை இது. வெள்ளன குளிர்ச்சியிலயே மரத்துக்கிட்டப் போயிரணும், வெயில் ஏறுனா பால் கொறையும். மொதல்ல நேத்துக் காஞ்ச ஒட்டுப்பால இழுத்து எடுக்கணும். அப்புறம் கத்திய வச்சு, மேலேருந்து சாய்வாக் கீழ வரைக்கும் பட்டைய மெல்லிசாச் சீவணும். ஒரு அரிசி மணி தடிப்புக்கு மேல போகக்கூடாது. பால் பட்டைக்குள்ளதான் இருக்கு. பட்டைக்குப் பின்னால மரம். கத்தி மரத்தத் தொட்டுச்சோ, போச்சு. மரத்துல பால் ஒரு சொட்டுக் கூட இல்ல, காயம் மட்டும் முடிச்சு முடிச்சா வீங்கும், அப்புறம் அந்த எடத்துல எவனும் வெட்ட முடியாது. புதுப் பையன் எவனாவது பேராசையில ஆழமா வெட்டுனா, கங்காணி ஏசுறதுக்கு முன்ன மரமே காட்டிக் குடுத்துரும்.

இன்னொண்ணு. ஒரு மரத்தத் தெனமும் வெட்டறதில்ல. ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு. தோட்டத்துக் கணக்கே அப்படித்தான். ஆசப்பட்டுத் தெனமும் வெட்டுனா பட்டை காஞ்சு பால் நின்னுரும். லாபத்துக்குன்னே பொறந்த தொரைமாரே மரத்துக்கு எட வேளை குடுத்திருக்காங்க. வெட்டும் வேணும், ஓய்வும் வேணும். ரெண்டும் அளவோட.

ஒன் உடம்பும் ஒரு மரம். கொழுப்பு பட்டை. தசை மரம். கல்லீரல்ல சேத்து வச்ச சீனிச் சத்து பத்துப் பன்னண்டு மணி நேரத்துல கொறைஞ்சதும் உடம்பு பட்டையில கைய வைக்கும். நல்லது. ஆனா ஜன்னல் தொறந்ததும் ரெண்டு ரோல்ஸும் ஒரு சோடாவும் போட்டுட்டு, பருப்பு, முட்டை, மீன், கௌபி ஒண்ணும் இல்லாம, ஒடம்ப அசைக்காம கெடந்தா, கத்தி மரத்தத் தொட்டுரும். பேத்தி அதையும் சொன்னா. அமெரிக்காவுல 116 பேர வச்சு 12 கிழமை பாத்து, 2020ல கணக்கு வெளியாச்சு. பகல் பன்னண்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும் சாப்பாடு, ஒன் ஜன்னலேதான். எறங்குன எடை ஒரு கிலோவுக்குக் கிட்ட. நேரம் பாக்காமச் சாப்பிட்டவங்களுக்கும் அதுக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆசுபத்திரிக்கு வரவச்சு அளந்து பாத்த ஆளுங்ககிட்ட, கொறைஞ்சதுல பாதிக்கு மேல கொழுப்பே இல்ல, தசைப் பக்கம். பட்டைய வெட்டப் போயி மரத்த வெட்டுன கதை. அதான் சொல்றேன், பட்டையோட நிறுத்து பேராண்டி. சம்பல் மட்டும் பத்தாது, பருப்பு போட்டுக்க. கொழும்புல லிப்டுல ஏறாத, படியில ஏறு. சாப்புட்ட கையோட தேத்தண்ணிய ஊத்தாத, சோத்துல இருக்கிற இரும்புச் சத்த அது சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ எங்கிட்ட வந்து இதச் சொல்றியான்னு மருமக மொறைக்கிறா. ஆமாம்மா, ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்.

ஏன்னா மருமகளே, நீ கைப்புள்ளைக்காரி. பாலு குடுத்துக்கிட்டு இருக்க. ஒனக்கு இந்த ஜன்னல் வேணாம். கோவிச்சுக்காத. வயித்துப் புள்ளைக்காரி, பாலு குடுக்கிறவ, வளர்ற புள்ளைங்க, எலும்பும் தோலுமா இருக்கிறவங்க, இவுங்களுக்கெல்லாம் எந்தச் சாமியும் விரதம் கேக்கல. இந்தத் தோட்டத்துல ஒண்ணு யோசிச்சுப் பாரு. 2016ல நாடு பூரா எடுத்த சுகாதாரக் கணக்குல, அஞ்சு வயசுக்கு உள்ள புள்ளைங்கள்ல வயசுக்கேத்த ஒயரம் இல்லாதது நாட்டுல 100க்கு 17 பேரு. தோட்டத்துல 32 பேரு. அவுங்க அம்மாமாரு ஜன்னலச் சாத்திக்கிட்டா கெடந்தாங்க? தொறந்து வச்சும் உள்ள வர ஒண்ணுமில்ல. 1973, 74ல நான் பாத்தேன். கூப்பன் அரிசியக் கொறைச்சாங்க, மாவு கெடைக்கல. கிராமத்துல காணி இருந்துச்சு, கெழங்காவது நட்டான். நமக்கு ஏது காணி? கள்ளத்தனமா வெட்டுன மரவள்ளிக் கெழங்கும், காட்டுக் கீரையும். தோட்டங்கள்ல சாவு ஏறுன காலம் அது. அப்பவும் பதினாறு மணி நேரம் வயிறு காஞ்சுச்சு. யாரும் அதுக்கு ஆயுசு கூடும்னு சொல்லல. அதனால எவளாவது "நேத்து ராத்திரி சாப்புடல"ன்னு சொன்னா, "சபாஷ், எத்தன மணி நேரம்?"னு கேட்டுறாத. ஏன் சாப்புடலன்னு கேளு.

அடுத்தது நான். ஆமா, நானும் கெட்டவன்தான். சீனி வருத்தம் வந்து பதினோரு வருசமாச்சு. ஒரு வெள்ளிக்கெழமை ஒருசந்தி புடிச்சேன். சோத்த விட்டேன், கிளினிக்ல குடுத்த மாத்திரைய விடல. மாத்திரை சாமிக்குத் தெரியாதுன்னு நெனைச்சேன், ஆனா என் ஒருசந்தி மாத்திரைக்குத் தெரியல. பதினொரு மணிக்குக் கை நடுங்குது, வேர்வை ஊத்துது, பேச்சுக் கொழறுது. ஒங்க அப்பாயி வேப்பெலையும் தேடல, பூசாரியும் தேடல. சீனித் தண்ணியக் கரைச்சு வாயில ஊத்துனா, கால் மணி நேரத்துல மனுசனானேன். சீனிக்கு ஊசி போடுறவங்க, சில வக மாத்திரை முழுங்கறவங்க சோத்த விட்டா, சீனி தரையத் தட்டிரும். டாக்டர்கிட்டக் கேட்டு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாத்தாம எவனும் இதுல எறங்கக் கூடாது. கந்தசஷ்டியா இருந்தாலும் சரி, கைப்பேசி சஷ்டியா இருந்தாலும் சரி. நானே கேட்டேன், நீங்க வேணாம்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. அதனால இப்ப எனக்கு விரதம் விடுதலை. விரதம் இருக்கிறவங்களுக்குப் புத்தி சொல்றது மட்டும்தான் எம்பங்கு, சோறு தின்னுட்டு.

அந்தா தெரியுதே, சாமசர மலை. நீ அப்ப பள்ளிக்கூடம். 2016 மே மாசம் 17, செவ்வாக்கிழமை பின்னேரம். மூணு நாளாக் கொட்டுன மழையில மலை உருகி எறங்கிருச்சு. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் நூறுக்கு மேல. வெசாக்குக்கு நாலே நாள் இருந்துச்சு, ஊரெல்லாம் தன்சல் போடத் தயாரா இருந்த நேரம். அந்தக் கிழமை இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் சோறு எறங்கல. யாரும் அத விரதம்னு சொல்லல. ஆனா பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சுக் கெடந்தவங்களுக்குச் சோத்துப் பார்சல் வந்துச்சு. யாரு கட்டுனா, எந்த மதம்னு எந்தப் பார்சல் மேலயும் எழுதல. வள்ளுவரு ஒரு வரிசை வச்சிருக்காரு. தவசி பசிய அடக்குறது பெரிய காரியம்தான், ஆனா அடுத்தவன் பசிய ஆத்துறவனுக்குப் பின்னாலதான் தவசிக்கு எடமுன்னு. பதினாறு மணி நேரம் பசி தாங்குனத நீ போட்டோ புடிச்சு அனுப்புற. கிலம்பச ஊத்துனவங்க, கஞ்சி ஊத்துனவரு, பார்சல் கட்டுனவங்க, ஒருத்தருக்கும் போட்டோ இல்ல. பெரட்டுல பேரு போடுறது எங்கையில இருந்தா, அவுங்களுக்கு முழுப் பேரு. ஒனக்கு அரைப் பேரு.

மொறைக்காதடா. அரைப் பேருன்னாலும் பேருதானே. முழுசா வேணும்னா வழி சொல்றேன். பட்டையோட நிறுத்து. ராத்திரிச் சாப்பாட்ட வெள்ளனவே முடி. கிழமைக்கு ஒரு நாள் தவறுனா தலையில மண்ண அள்ளிப் போட்டுக்காத, மரத்துக்கும் ஓய்வு உண்டு. பதினொண்ணரை மணிக்கு மாலு பனிஸ் கூப்புட்டா, தம்பிக்கு ஒரு கோல் போடு, கதை பேசு. சாப்பாட்டு நேரம் வந்தா தனியா ஒக்காந்து தின்னாத. பக்கத்து ரூமுல எவனாவது இருப்பான், கூப்புடு. தொறக்குற நேரத்துல பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்.

எங்க, அந்தப் போன இப்பப் பாரு. பன்னண்டு பத்தா? ஒன் ஜன்னல் தொறந்து பத்து நிமிசமாச்சு, ஒனக்கே தெரியல பாத்தியா. அந்த ஆத்தா எனக்குச் செஞ்சத ஒனக்கு நான் செஞ்சுட்டேன், கடன் தீந்துச்சு. மருமகளே, நீ மொதல்ல தின்னு, ஒனக்கும் எனக்கும் எவனும் நேரம் வைக்கல. தம்பி, கைய அலம்பு.

அடுத்த போயாவுக்கும் கெழவி மா பெசைவா. யாரு யாரு வர்றீங்கன்னு மொத நாளே சொல்லி அனுப்புங்க, ரொட்டி கணக்குத் தப்பக் கூடாது.